பெட்சைடு தொட்டில் வாங்கும் முன் கட்டிலை அளந்தீர்களா?

2024 ஜூன் 3 – கேள்வி

மனைவிக்கு ஆகஸ்டில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஆபரேஷனாகத்தான் இருக்கும் என்று டாக்டர் இப்போதே சொல்லிவிட்டார். கட்டிலோடு ஒட்டி வைக்கிற பெட்சைடு தொட்டில் வாங்கலாம் என்று எனக்கு எண்ணம். அம்மா, "தூளி கட்டினால் போதாதா, ஆறு மாசத்துக்கு உழைக்கிற சாமானுக்கு இவ்வளவு காசா?" என்கிறார். ஆன்லைனில் பார்த்தால் ஐயாயிரத்தில் ஆரம்பித்து இருபதாயிரத்துக்கு மேலும் போகிறது. எதை வாங்குவது? நாங்கள் கோயம்புத்தூர்.

ஜூன் 3, இரவு – பதில்

எந்தத் தொட்டில் என்பது அப்புறம் தம்பி. உங்கள் கட்டில் என்ன மாதிரி? கால் வைத்த கட்டிலா, அடியில் சாமான் வைக்கிற பாக்ஸ் கட்டிலா?

இதைக் கேட்காமல் வாங்கித் திண்டாடுகிறவர்கள்தான் அதிகம். பெட்சைடு தொட்டிலின் கால்கள் பெரும்பாலும் உங்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும். அப்போதுதான் தொட்டில் மெத்தையோடு ஒட்டும். பாக்ஸ் கட்டில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். கால் எங்கே நுழையும்? உள்பக்கக் கால் மடங்குகிற மாடல்கள் இருக்கின்றன. பாக்ஸ் கட்டில்காரர்கள் அதைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது விளிம்பு. நம் ஊர் மரக்கட்டில்களில் மெத்தை ஒரு சட்டத்துக்குள் இறங்கி உட்காரும். அந்தச் சட்டத்தின் பட்டை ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ மெத்தையைத் தாண்டி வெளியே நிற்கும். தொட்டில் அந்தப் பட்டையில்தான் போய் முட்டும், மெத்தையில் முட்டாது. நடுவே ஒரு பள்ளம் விழும். பச்சைக் குழந்தைக்கு அந்தப் பள்ளம்தான் ஆபத்து. துண்டைச் சுருட்டிச் செருகி அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், துண்டு இளகும்.

டேப் எடுத்து மூன்று அளவு எடுங்கள். தரையிலிருந்து மெத்தையின் மேல்பரப்பு வரை, கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடைவெளி, மெத்தைக்கு வெளியே நீட்டும் மரத்தின் அகலம். இதை வைத்துக்கொண்டு தேடினால் ஆன்லைனில் காட்டுகிறதில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும்.

ஜூன் 3, இன்னும் கொஞ்சம்

மெத்தை உயரத்தை அளக்கும்போது யாரையாவது ஓரத்தில் படுக்கச் சொல்லி அளங்கள். பழைய ஃபோம் மெத்தை ஆள் படுத்ததும் நன்றாக அமுங்கும். காலி மெத்தைக்குச் சரியாக நின்ற தொட்டில் ஆள் படுத்ததும் உயர்ந்துவிடும்.

ஜூன் 4

ஆபரேஷன் என்றால் இந்தத் தொட்டிலுக்கு அர்த்தம் இருக்கிறது. எனக்கு முதல் பிரசவம் சுகப்பிரசவம், திருவாரூரில் அம்மா வீட்டில், தரையில் பாய். தொட்டில் என்ற நினைப்பே வரவில்லை. இரண்டாவது ஆபரேஷன், சென்னையில் ஃபிளாட். தையல் போட்ட வயிற்றோடு எழுந்திருப்பது தனி வித்தை. ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஊன்றி, காலைத் தொங்கப்போட்டு, அப்புறம்தான் உட்கார முடியும். அதற்குள் குழந்தை ஊரைக் கூட்டிவிடும். பக்கத்திலேயே என் உயரத்தில் படுத்திருந்தால் கையை நீட்டி இழுத்து, ஒருக்களித்தபடியே பால் கொடுத்துவிட்டுத் திரும்பத் தள்ளிவிடலாம். முதல் சில வாரங்களுக்கு எனக்கு இதுதான் பெரிய உதவி.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் ஆபரேஷன்தான் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதனால் "நம் பாட்டிகள் இதெல்லாம் வைத்தா வளர்த்தார்கள்?" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பாட்டிக்குத் தையல் இல்லை.

கடைக்குப் போனால் ஒரு சோதனை செய்யுங்கள். கட்டில் ஓரத்தில் படுத்துக்கொண்டு, ஒரே கையால், தொட்டிலின் பக்கத்தடுப்பைத் திறந்து இறக்குங்கள். முடிகிறதா? சத்தம் வருகிறதா? எங்களுடையதில் ஜிப். பகலில் அது ஒரு சத்தமாகவே தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் 'சர்ர்ர்' கேட்டு, அப்போதுதான் கண் சொருகிய குழந்தை கையைக் காலை உதறி எழுந்துவிடும். சத்தம் கேட்டு எழாத ஒரே ஜீவன் என் வீட்டுக்காரர். கடைசியில் ஜிப்பின் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்தோம், பாதி அடங்கியது.

ஜூன் 5

"எல்லாம் மார்க்கெட்டிங், தரையில் பாய் போட்டுப் படுத்தால் செலவே இல்லை" என்று பெங்களூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. தரையில் படுக்கிற வீட்டுக்குப் பெட்சைடு தொட்டில் தேவையே இல்லை. விழுவதற்கு உயரம் கிடையாது, இடுக்கு கிடையாது. குழந்தைக்குத் தனியாக ஒரு சின்னப் படுக்கை, உங்கள் பாயோடு ஒட்டி. அவ்வளவுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவித்தவர்களுக்கு 2015-லிருந்து கொடுத்த குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள். அதில் குழந்தைப் படுக்கையும் கொசுவலையும் உண்டு. (அம்மாவுக்குச் சுண்டி லேகியமும் உண்டு, அதை யார் நினைத்துச் சேர்த்தாரோ அவர் நன்றாக இருக்கட்டும்.) அந்தப் படுக்கையைப் பாய்க்குப் பக்கத்தில் விரித்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆனால் தையல் வயிற்றோடு தரையிலிருந்து எழுந்து காட்டச் சொல்லுங்கள் பெங்களூர்க்காரரை.

ஜூன் 5, மாலை

கேட்டவர் அளவு போட்டிருக்கிறார்: கால் வைத்த கட்டில், அடியில் தாராளமாக இடம், மெத்தை உயரம் 21 அங்குலம். நல்லது. ஒரு சந்தேகம் தம்பி. தலைப்பிரசவம்தானே? மனைவி எங்கே இருப்பார், உங்கள் வீட்டிலா, அவர் அம்மா வீட்டிலா?

ஜூன் 6

நினைத்தேன். பொள்ளாச்சியில் அவர் அம்மா வீட்டில் மூன்று மாதம். நீங்கள் அளந்தது யாரும் படுக்காத கட்டிலை.

பொள்ளாச்சி கட்டிலை அளக்கச் சொல்லுங்கள். இன்னொரு கணக்கும் போடுங்கள். பெரும்பாலான மாடல்களுக்கு 6 மாதம் அல்லது 9 கிலோ என்று எல்லை போட்டிருப்பார்கள், எது முந்துகிறதோ அது. குழந்தை கையை ஊன்றி எழும்பப் பார்த்தாலே அதோடு நிறுத்திவிட வேண்டும், மாதக் கணக்கு பார்க்கக் கூடாது. அந்த ஆறு மாதத்தில் பாதி பொள்ளாச்சியிலேயே போய்விடும். ஆக, இரண்டு வீட்டுக் கட்டிலுக்கும் ஒத்துவர வேண்டும், கார் டிக்கியில் மடித்து வைக்கவும் வர வேண்டும். மரத்தில் அழகாக இருக்கிறதே என்று பார்த்து வைத்த அந்த மாடலை மறந்துவிடுங்கள்.

வாடகைக்கும் விசாரியுங்கள். பெரிய ஊர்களில் குழந்தைச் சாமான் வாடகைக்கு விடுகிறார்கள். எடுத்தால் மெத்தையை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூன் 8

இதற்கு ஒரு தனிக் குறிப்பு தேவைப்படுகிறது. சேலத்துக்காரம்மா ஒருவர், "தலைப்பக்கம் உயர்த்துகிற வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பால் கக்காது" என்று எழுதியிருக்கிறார். விற்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

வேண்டாம். தூங்கும் இடம் தட்டையாக இருக்க வேண்டும். சாய்த்து வைத்தால் பிறந்த குழந்தையின் தலை முன்னால் கவிழும், தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும். தலையைத் தானாகத் தூக்கிக்கொள்ள அதற்குத் தெம்பு கிடையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த எதிலும் தூங்க வைக்கக் கூடாது என்கிறது. அங்கே 'ராக் அண்ட் ப்ளே' என்று சாய்வுத் தொட்டில் ஒன்று சக்கைப்போடு போட்டது. குழந்தைகள் இறந்த பிறகு 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டிலைத் திரும்பப் பெற்றார்கள். 2022-இல் சட்டமே போட்டு, சாய்வாகத் தூங்க வைக்கும் சாதனங்களையும் தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டுகளையும் விற்கக் கூடாது என்றார்கள். அந்தத் திண்டு இங்கே இன்னும் 'பேபி ஷவர்' பரிசாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாராவது கொடுத்தால் வாங்கி, குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு மேஜை முனைகளுக்குக் கட்டுங்கள்.

பால் கக்குவதற்கு மருந்து, குடித்ததும் கொஞ்ச நேரம் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது. அப்புறம் மல்லாக்கப் படுக்க வைப்பது. மல்லாக்கப் படுத்தால் புரையேறும் என்று எங்கள் வீட்டிலும் ஒரு சபை கூடியது. குழந்தை டாக்டர் மூன்றே சொல்லில் முடித்தார்: மல்லாக்க, தட்டையா, தனியா.

ஜூன் 8

கடுகுத் தலையணையும் வேண்டாம். யார் கேட்கப்போகிறீர்கள் என்று தெரியாமலே எழுதிவிட்டேன்.

ஜூன் 9

கேட்டுவிட்டார்கள். "அப்போது தலை உருண்டையாக வருவது எப்படி?"

பெட்சைடு தொட்டிலில் ஒரு விசேஷம் இருக்கிறது. குழந்தை எப்போதும் அம்மா இருக்கும் பக்கமே முகத்தைத் திருப்பும். பால் வாசனை, குரல், எல்லாம் அந்தப் பக்கம்தான். ஒரே பக்கமாகப் படுத்தால் தலை அந்தப் பக்கம் தட்டையாகும். அதனால் ஒரு நாள் தலையை இந்தக் கோடியில், மறுநாள் அந்தக் கோடியில் வைத்துப் படுக்க வையுங்கள். அது முகம் திருப்பும் பக்கம் தானாக மாறும். பகலில் முழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். கடுகு தாளிக்க இருக்கட்டும்.

ஜூன் 11

தூளி விஷயம். கேட்டவரின் அம்மா பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். இங்கே இரண்டு நாளாக அவரை எல்லோரும் சேர்ந்து காய்ச்சுகிறீர்கள்.

என் பிள்ளைகள் இரண்டும் பகலில் தூளியில்தான் தூங்கின. அதற்கு ஈடு கிடையாது. பருத்திப் புடவை, உத்தரத்து வளையம், நான்கு ஆட்டு, தூங்கிவிடும். வெயில் காலத்தில் காற்றும் ஓடும். ஆனால் தூளி வட்டமாகத் தொங்குகிறது, மேலே எழுதிய தாடை விவகாரம் இதிலும் உண்டு. பழைய ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. எங்கள் பாட்டி குறுக்குக் கம்பு வைக்காமல் குழந்தையைத் தூளியில் போடவே விடமாட்டார். கம்பு துணியை அகட்டி வைக்கும், முகத்தின் மேல் துணி மூடாது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். இப்போது கம்பு வைப்பவர் எத்தனை பேர்? ஸ்பிரிங்கும் மோட்டாரும் மாட்டுகிறார்கள், கம்பை விட்டுவிடுகிறார்கள். மோட்டார் ஆட்டுகிறதே என்று ஆள் சமையலறைக்குப் போய்விடுகிறது. பாட்டி காலத்தில் தூளிக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும், அந்த ஆளும் சேர்ந்ததுதான் தூளி.

என் கட்சி இது: பகல், ஆள் விழித்திருக்கிறது, கம்பு இருக்கிறது என்றால் தூளி. தூங்கிய பிறகு எடுத்துத் தட்டையான இடத்தில் போட்டுவிடலாம். ராத்திரி எல்லோரும் தூங்கும்போது தூளி கூடாது. வீட்டில் நாலைந்து வயதுப் பிள்ளை இருந்தால் இன்னொன்று. காலித் தூளியை அவிழ்த்தோ மேலே சுருட்டியோ வையுங்கள். அதில் ஏறி முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிப் போன செய்திகள் பேப்பரில் வந்துகொண்டே இருக்கின்றன.

அம்மாவிடம் தூளி வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பகல் அவருடையது, ராத்திரி தொட்டிலுடையது என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் அமைதி நிலவும். நிலவாவிட்டால் என்னைக் கேட்காதீர்கள்.

ஜூன் 12

"பக்கத்தடுப்பு முழுசாக இறங்குகிற மாடல் நல்லதா, பாதி இறங்குவது நல்லதா?" என்று ஒருவர். முழுசாகத் திறந்தால் இழுக்கச் சுலபம்தான். ஆனால் குழந்தை இந்தப் பக்கம் உருண்டு வர, உங்கள் போர்வையும் தலையணையும் அந்தப் பக்கம் சரிய, வழி திறந்துவிடும். ஐரோப்பாவில் 2019-இல் வந்த இஎன் 1130 தரவிதிப்படி, இறக்கிய நிலையிலும் குழந்தையின் மெத்தைக்கு மேல் 12 செ.மீ. தடுப்பு நிற்க வேண்டும். வாங்கினால் அப்படிப்பட்டதை வாங்குங்கள். அந்தத் தடுப்பின் மேல்விளிம்பும் உங்கள் மெத்தையின் மேல்பரப்பும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும், ஜூன் 3-இல் கேட்ட உயரக் கணக்கு இதற்குத்தான்.

கட்டும் வாரைக் கடாசிவிடாதீர்கள். தொட்டிலைப் பெரிய கட்டிலோடு கட்டத்தான் அது. டைல்ஸ் தரையில் சக்கரம் வைத்த தொட்டில் பிரேக் போட்டாலும் மெல்ல மெல்ல நகரும். தினமும் படுக்கும் முன் கையால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

ஜூன் 14

நாகர்கோவிலிலிருந்து ஒருவர், வீட்டில் தேக்குப் பலகை கிடக்கிறது, ஆசாரியிடம் சொல்லிச் செய்துவிடலாமா என்கிறார். பாக்ஸ் கட்டிலோ பட்டை நீட்டும் கட்டிலோ வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரியான வழி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ரெடிமேடில் எவ்வளவு தேடினாலும் அந்த நீட்டும் பட்டைக்கு ஏற்றது கிடைப்பது கஷ்டம். ஆசாரி என்றால் அந்தப் பட்டையின் மேலேயே தொட்டிலின் விளிம்பு ஏறி உட்காரும்படி வெட்டித் தருவார்.

ஒரே நிபந்தனை: மெத்தையை முதலில் வாங்குங்கள். அதை அவர் முன்னால் போட்டு, "இது உள்ளே இறுக உட்காரணும்" என்று சொல்லுங்கள். தொட்டில் முதலில் வந்தால், அந்த அளவுக்கு மெத்தை கடையில் இருக்காது. சுற்றி இடைவெளி விழும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தாலே அது பெரிய இடைவெளி. பக்கங்களில் வரிசையாக நிற்கும் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அழகுக்காகக் கடைசல் குமிழ் வைக்கிறேன் என்பார், துணி மாட்டும், வேண்டாம் என்று சொல்லுங்கள். கட்டிலோடு எல் கிளாம்ப் போட்டு முடுக்கிவிட்டால் அசையாது.

பெயின்ட் அடித்தால் புது டின் வாங்குங்கள். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பரணில் கிடக்கும் பழைய டின்னை இதற்கு எடுக்காதீர்கள். பல் முளைக்கும்போது சட்டத்தைக் கடிக்காத குழந்தை கிடையாது.

மெத்தை எப்படி இருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். கெட்டியாக. உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கக் கூடாது. இலவம் பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகம், பச்சைக் குழந்தைக்கு ஆகாது.

ஜூன் 15

அறையின் வெப்பம் 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று லண்டன் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். அது உங்கள் ஊருக்குச் சரி அண்ணா. இங்கே ஏசியை 20-இல் வைத்தால் குழந்தைக்கு முன்னால் பெரியவர்களுக்குச் சளி பிடிக்கும். நாங்கள் 26-இல் வைத்து ஃபேனையும் மெல்ல ஓடவிட்டோம். பிடரியைத் தொட்டுப் பார்ப்பேன், வேர்வை இருந்தால் ஒரு துணியைக் குறைப்பேன். அதனால்தான் பக்கங்களில் வலை வைத்த தொட்டிலாகப் பாருங்கள் என்கிறேன், காற்று உள்ளே போகும்.

கொசுவுக்குக் குடை வலை சரிப்படாது. தடுப்பை இறக்கினால் வலை நடுவில் நிற்கும், ஒவ்வொரு முறையும் எடுத்து எடுத்து வைக்க வேண்டும். பெரிய கட்டிலையும் தொட்டிலையும் சேர்த்து மூடும் ஒரே பெரிய வலையாகக் கட்டிவிடுங்கள், தொட்டிலுக்குள் தொங்காத மாதிரி.

ஜூன் 19

பொள்ளாச்சி அளவு வந்துவிட்டது. அதுவும் கால் வைத்த கட்டில், உயரம் இரண்டு அங்குலம் குறைவு, பட்டை நீட்டவில்லை. உயரம் கூட்டிக் குறைக்கிற, மடிக்கிற, வலைப் பக்கம் வைத்த மாடல் இரண்டு வீட்டுக்கும் சரிப்படும். கேட்டவர் சுட்டி கொடுத்த மூன்றில் நடுவில் இருப்பதை எடுங்கள். விலை அதிகமானதில் கூடுதலாக இருப்பது சாய்க்கும் வசதி மட்டும்தான், அதற்கு ஏன் காசு?

குழந்தை பிறக்கும் முன் சாமான் வீட்டுக்கு வரக் கூடாது என்று மாமியார் சொல்கிறாராம். அதில் போய் வாதம் பண்ணாதீர்கள். கோவையிலேயே கடையில் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து வைத்துவிடுங்கள். பிறந்த சேதி வந்ததும் போன் போட்டால் கொண்டுவந்து இறக்குவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப எப்படியும் சில நாள் ஆகும்.

ஜூன் 20

விரிப்பு பற்றி யாருமே கேட்கவில்லை. இந்தத் தொட்டில் மெத்தை அளவுக்கு விரிப்பு சாதாரணக் கடையில் கிடைக்காது, கம்பெனி விரிப்பு யானை விலை. பழைய வேட்டியை மெத்தையோடு தையல்காரரிடம் கொண்டுபோய், நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இழுத்துப் பார்த்தால் கழன்று வராத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டு போதாது, குறைந்தது ஆறு தையுங்கள். ஆகஸ்டில் பொள்ளாச்சியில் மழை, துணி காயாது.